மூணாம் நம்பர் விஸ்கோமீட்டர்

128 நொடி ஆகிவிட்டது. திரவம் இன்னும் கீழ்க்கோட்டைத் தொடவில்லை.

“இன்னும் வரலைடி!” என்கிறாள், முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைக் கண்மட்டத்தில் பார்த்துக்கொண்டிருப்பவள். “வாட்ச் ஓடுதா, பாரு.”

“ஓடுதுடி. 140... 141...”

மேசையைச் சுற்றி நிற்கும் யாருக்கும் பேச்சில்லை. எனக்கும்தான். இதே குழாயில் தண்ணீர் இறங்க எடுத்துக்கொண்டது 80 நொடி. எத்தனால் எடுத்துக்கொண்டது 128 நொடி. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் எவ்வளவு வரும் என்று பந்தயம் வைத்து, மூன்று பேர் நோட்டு ஓரத்தில் பென்சிலால் 104 என்று எழுதியிருந்தார்கள். நடுவில்தானே வரவேண்டும்? அந்த 104 எப்போதோ கடந்துபோயிற்று. 160. 180. 200! திரவம் சாவகாசமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. 220-ல் அதன் விளிம்பு கோட்டைத் தொட்டது, கட்டைவிரல் பொத்தானில் விழுந்தது, ஆய்வுக்கூடம் முழுக்க ஒரே கூச்சல்!

தண்ணீரைவிட மெதுவாக ஓடுகிறது, எத்தனாலைவிடவும் மெதுவாக ஓடுகிறது. நீர்த்த திரவம் இரண்டு சேர்ந்து, இரண்டையும்விடக் கெட்டியான மூன்றாவது திரவம் ஒன்று பிறந்துவிட்டது. புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்த விஷயம்தான். ஆனாலும் கண்ணெதிரே ஸ்டாப்வாட்ச் 200-ஐத் தாண்டும்போது வயிற்றுக்குள் ஒன்று குதிக்கிறது பாருங்கள், அதை எந்தப் புத்தகமும் தராது.

பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இவர்கள். ‘திரவக் கலவையின் பாகுநிலை’ என்ற இந்தப் பரிசோதனை, ரெகார்டு நோட்டில் ஒன்றரைப் பக்கம் வரும். நோக்கம், தத்துவம், செய்முறை, ஓர் அட்டவணை, ஒட்டப்பட்ட கிராப் தாள். கீழே சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்க்கத்தான் ஒரு மதியம் முழுக்க அனுமதி கேட்டு வாங்கி, இந்த ஆசிட் வாடை அடிக்கும் அறைக்குள் வந்து நின்றேன். வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

முதலில் அலமாரியைச் சொல்ல வேண்டும். லேப் அட்டெண்டர் அண்ணன் இடுப்புச் சாவியால் மர அலமாரியைத் திறந்து, பஞ்சுக்குள் படுக்கவைத்திருந்த குழாய்களில் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்தார். கழுத்தில் ஒட்டியிருந்த நாடாவில் 3 என்ற எண்.

“மூணாம் நம்பர். தண்ணிக்கு எண்பது காட்டும். பாத்து எடுங்கம்மா, ஒரு கையால பிடிச்சா கழுத்து ஒடிஞ்சிரும்.”

இதுதான் ஆஸ்ட்வால்டு விஸ்கோமீட்டர். 1853-ல் ரீகா நகரில் பிறந்து, 1909-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரைச் சுமக்கும் கருவி. வளைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அவ்வளவுதான். ஒரு கை தடிமன், அதன் அடியில் பெரிய குமிழ். இன்னொரு கை ஒல்லி, அதில் சின்னக் குமிழ். சின்னக் குமிழுக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கீழ்க்கோட்டுக்கு அடியில் தலைமுடி நுழைவதற்குப் போதுமான நுண்குழாய். திரவத்தை மேல்கோட்டுக்கு மேலே உறிஞ்சி ஏற்றிவிட்டு, தானாக இறங்க விட்டு, மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வர எத்தனை நொடி என்று எண்ணினால் ஆயிற்று. பேட்டரி கிடையாது, திரை கிடையாது, புவியீர்ப்பு ஒன்றே அதன் எஞ்சின்.

அந்த நுண்குழாயில்தான் எல்லா மாயமும், எல்லா ஆபத்தும். குழாயின் ஆரம் நூற்றில் ஐந்து பங்கு குறைந்தால் போதும், ஓட்டம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு படுத்துவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது அது. ஒரு பஞ்சு இழை, காய்ந்துபோன ஒரு துளி உப்பு, பழைய எண்ணெய்ப் பிசுக்கு, எது இருந்தாலும் அன்றைய கணக்கு அவ்வளவுதான். அதனால் அரை மணிநேரம் கழுவல் மட்டுமே நடந்தது. காய்ச்சி வடித்த நீர், பிறகு அசிட்டோன், பிறகு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்று. குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்கள். ஒரு பொட்டு தெரிந்ததா, மறுபடி முதலிலிருந்து! “கல்யாணத்துக்கு வெள்ளிப் பாத்திரம் விளக்குற மாதிரி விளக்குறோம் சார்,” என்றாள் ஒருத்தி. நான் பார்த்த எந்த வெள்ளிப் பாத்திரத்துக்கும் இவ்வளவு கவனிப்பு நடந்ததில்லை.

அடுத்தது ஐஸ் டியூட்டி. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. அறையின் வெப்பம் 33 டிகிரி. பரிசோதனை நடக்க வேண்டியது 30 டிகிரியில். இவர்களிடம் இருக்கும் நீர்த்தொட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. ஆகவே ஒருத்தி பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகளோடு தொட்டியோரம் நிற்கிறாள். தெர்மாமீட்டர் 30.2 காட்டினால் ஒரு சின்னத் துண்டு. 29.9-க்கு இறங்கினால் கையைக் கட்டிக்கொண்டு பொறுமை. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1 சென்டிபாய்ஸ், 30 டிகிரியில் 0.80. ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு இறங்கிவிடும். மூன்று டிகிரியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், கலவை செய்த வேலை எது, வெயில் செய்த வேலை எது என்று பிரிக்கவே முடியாது. இரண்டு மணிநேரம் அந்தப் பெண் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து சுருங்கியிருந்தது. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஓர் எண்கூட வராது. ஆனால் அங்கே எழுதப்பட்ட அத்தனை எண்களும் அவள் கையில் பிடித்த ஐஸால் நின்றவை.

எத்தனால் பூட்டுக்குள் இருந்தது. அதற்குத் தனிப் பதிவேடு உண்டு. எடுத்தது எத்தனை மில்லிலிட்டர், எதற்கு, யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகே குப்பி வெளியே வரும். பர்னர்கள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று ஆசிரியை மேடம் ஒரு சுற்று வந்து பார்த்தார். அதன்பிறகுதான் கலக்கல்.

50 மில்லிலிட்டர் தண்ணீர், 50 மில்லிலிட்டர் எத்தனால். இரண்டையும் மூடியிட்ட அளவுகுழாய்க்குள் ஊற்றி மெதுவாகத் தலைகீழாக்கினாள். உடனே திரவம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது, சோடாவைத் திறந்ததுபோல! இரண்டு திரவங்களும் தனித்தனியே கரைத்து வைத்திருந்த காற்று, கலவைக்குள் இடம் போதாமல் வெளியே வருகிறது. “கை வைச்சுப் பாருங்க சார்!” வைத்தேன். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பில்லை, தீயில்லை, கலந்ததனால் மட்டுமே சூடு.

சூடு தணிந்து குமிழி அடங்கியதும் அவள் முகம் சுருங்கிற்று.

“மேடம், சிந்திட்டேன்போல.”

“எவ்வளவு இருக்கு?”

“தொண்ணூத்தாறரை.”

“எடை போட்டுப் பாரு.”

தராசில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஊற்றியது அத்தனையும் உள்ளேயே இருக்கிறது. 50-ம் 50-ம் சேர்ந்து 96.5! அவள் தராசையும் அளவுகுழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். மேடம் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே நின்றார். பல வருஷமாக இந்த இடத்துக்காகக் காத்திருந்து பழகிய சிரிப்பு அது.

விஷயம் இதுதான். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து, நடுவே இடைவெளி விட்டு நிற்பவை. எத்தனாலின் ஒரு முனைக்கும் அதே கை உண்டு. மறுமுனை எண்ணெய்த்தன்மை கொண்ட கார்பன் வால். இரண்டும் கலக்கும்போது கைகள் மாறிக் கோத்துக்கொள்கின்றன, வால்கள் இடைவெளிகளுக்குள் நெருக்கி நுழைகின்றன. கொள்ளளவு சுருங்குகிறது, சூடு வெளிப்படுகிறது. ஒரு திரவம் ஓடவேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரை உதறிவிட்டு மூலக்கூறு அடுத்த இடத்துக்கு நழுவ வேண்டும். இப்படி நெருக்கியடித்துக் கைகோத்து நிற்பவர்களை நழுவச் சொன்னால் எப்படி நழுவுவார்கள்? அதுதான் அந்த 220 நொடி.

ஆனால் 220-ஐச் சும்மா வாங்கிவிட முடியவில்லை. பிப்பெட்டால் அளந்து, ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே கொள்ளளவைத்தான் குழாயில் விடவேண்டும். உள்ளே திரவத்தின் உயரம் மாறினால் அதைத் தள்ளும் அழுத்தமும் மாறிவிடும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கட்டிய தூக்குக்குண்டை அருகில் பிடித்துப் பார்த்தார்கள், கொத்தனார் சுவர் பார்ப்பதுபோல. பிறகு தொட்டிக்குள் கால்மணி நேரம், திரவம் 30 டிகிரிக்குப் பழக. ஒரு தடவை நுண்குழாயின் வாயில் கடுகளவு குமிழி ஒன்று சிக்கிக்கொண்டது. ஸ்டாப்வாட்ச் 231 வரை போயிற்று. அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘குமிழி’ என்று எழுதிவைத்தார்கள். அழிக்கவில்லை என்பதைக் கவனித்தேன், மனசுக்கு இதமாக இருந்தது. அடுத்த மூன்று ஓட்டங்கள் 220.1, 220.4, 220.3. மூன்றும் ஒத்துப்போனபோது இரண்டாவது கூச்சல்!

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எத்தனால் 128, தண்ணீர் 80. அப்படியானால் எத்தனால் தண்ணீரைப்போல 1.6 மடங்கு கெட்டியா? ஒருத்தி அப்படித்தான் எழுதியிருந்தாள். மேடம் பேனாவை அந்த வரியில் வைத்து, “இதைக் கீழ தள்றது யாரு?” என்று கேட்டார். யோசித்தாள். “அதோட வெயிட்டு மேடம்... ஐயோ!” அந்த ‘ஐயோ’வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எத்தனால் தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 0.78. தன்னைத் தானே தள்ளிக்கொண்டு இறங்க அதற்குப் பலம் குறைவு. 128-ல் ஒரு பங்கு கெட்டித்தன்மையால் வந்தது, மீதி லேசாக இருப்பதால் வந்த தாமதம். அதனால் ஒவ்வொரு கலவைக்கும் அடர்த்திக் குப்பியில் நிரப்பி எடைபோட்டு, நேரத்தையும் அடர்த்தியையும் பெருக்கித் தண்ணீரோடு ஒப்பிட வேண்டும். செய்தால் எத்தனால் 1.00 சென்டிபாய்ஸ் என்று இறங்கி வருகிறது. தண்ணீர் 0.80.

அப்போ கலவை? அடர்த்தித் திருத்தமெல்லாம் போட்ட பிறகும் 2.02! தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு.

கிராப் தாளில் புள்ளி வைக்கும் நேரம் வந்தது. எத்தனால் கொள்ளளவில் நூற்றுக்கு 20 இருக்கும் கலவை 1.4-க்குப் பக்கம். 40 உள்ளது 1.95. பாதிக்குப் பாதி 2.02. 60-ல் கொஞ்சம் இறங்கி, 80-ல் 1.6, கடைசியில் சுத்த எத்தனால் 1.00. புள்ளிகளைக் கையாலேயே இழுத்துச் சேர்த்தபோது தாளில் ஒரு மலை எழுந்தது. உச்சியில் எத்தனை மூலக்கூறுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் எத்தனால் மூலக்கூறுக்கு ஏறக்குறைய மூன்று தண்ணீர் மூலக்கூறு.

கலவையின் பாகுநிலையை முன்கூட்டியே சொல்ல 1887-ல் ஸ்வாந்தே அர்ரீனியஸ் ஒரு சூத்திரம் தந்தார். ஒவ்வொரு திரவத்தின் பாகுநிலைக்கும் மடக்கை எடுத்து, அது இருக்கும் பங்கால் பெருக்கிக் கூட்டு என்றது அது. ஒத்த குணமுள்ள திரவங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். இந்தப் பெண்கள் தங்கள் கலவைக்குப் போட்டுப் பார்த்தபோது 0.84 வந்தது. கையில் இருப்பதோ 2.02! 1949-ல் கிரன்பர்க், நிஸ்ஸன் என்ற இருவர் அதே சூத்திரத்தோடு இன்னொரு உறுப்பைச் சேர்த்தார்கள், இரண்டு திரவங்களும் ஒன்றின்மேல் ஒன்று காட்டும் ஈர்ப்புக்கென்று. சூத்திரத்தில் ஏன் அந்த வால் இருக்கிறது என்று இவர்களுக்கு இனி யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

இந்த மலையில் ஏறியவர்கள் பட்டியல் பெரியது. பாரிஸ் மருத்துவர் ப்வாசேய், நம் உடம்பின் நுண்நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கண்ணாடி நுண்குழாய்களில் திரவங்களை ஓடவிட்டார். 1840-களில் அவர் செய்த வேலையிலிருந்துதான் நான்காம் அடுக்கு விதி வந்தது. ‘பாய்ஸ்’ என்ற அலகும் அவர் பெயரில்தான். தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த கலவைகளையும் அவர் ஓடவிட்டுப் பார்த்தார். 1861-ல் தாமஸ் கிரஹாம் அதே வழியில் மேலும் போனார். 1865-ல் ரஷ்யாவில் ஓர் இளம் வேதியியலாளர், ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்வதைப் பற்றி, அந்தச் சுருக்கத்தை அளந்து அளந்து முனைவர் ஆய்வேடு எழுதினார். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ்தான் அவர்! ‘சிந்திட்டேன்போல’ என்று இங்கே ஒருத்தி முகம் சுருங்கினாளே, அந்த 3.5 மில்லிலிட்டரைத்தான் அவரும் துரத்தினார். இதை மேடம் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் என் கண்ணிலேயே நிற்கிறது.

எல்லாக் கலவையும் இப்படிக் கெட்டிப்படும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மேடம் ஒரு கிளிசரின் குப்பியைக் கொண்டுவந்தார். இரண்டு சோதனைக் குழாய். ஒன்றில் சுத்தக் கிளிசரின். இன்னொன்றில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கியது. இரண்டையும் ஒன்றாகச் சாய்த்தார். முதலாவது, ஆறிப்போன பாகு மாதிரி யோசித்து யோசித்து நகர்ந்தது. இரண்டாவது மடமடவென்று வாய்க்கு வந்துவிட்டது! 20 டிகிரியில் சுத்தக் கிளிசரின் 1,410 சென்டிபாய்ஸ். எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் 219. பாதிக்குப் பாதி என்றால் வெறும் 6. எத்தனாலோடு கைகோத்துக் கெட்டிப்படுத்திய அதே தண்ணீர், இங்கே கிளிசரின் மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்திவிட்டது. வீட்டில் பாகு காய்ச்சுபவர்களுக்கு இது புதிதே இல்லை. கம்பிப் பதம் தாண்டிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றி மீட்பார்கள் இல்லையா? பாகிலிருந்து ‘பாகுநிலை’ என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், அடுப்படியில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணி நான்கரை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்த அட்டெண்டர் அண்ணன் மேசையருகே நின்றார். நோட்டைப் பார்க்கவில்லை.

“மூணாம் நம்பர்ல பாதிக்குப் பாதி எவ்வளவும்மா வந்துச்சு? இருநூத்து இருவதா?”

எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். “அண்ணா! எப்படிண்ணா?”

“வருஷா வருஷம் அதானே வருது.”

முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். “நாலாம் நம்பருக்குத் தண்ணி எவ்வளவுண்ணா?”

“தொண்ணூத்தஞ்சு.”

அவள் கால்குலேட்டரைத் தட்டினாள். 220.3-ஐ 80.1-ஆல் வகுத்து, 95-ஆல் பெருக்கி. “அப்போ அதுல 261 வரணும்!”

“ஊத்திப் பாரு,” என்று சொல்லிவிட்டு, அண்ணன் பூட்டப்போன சாவியைத் திருப்பி அலமாரியைத் திறந்தார். ஐஸ் பையோடு ஒருத்தி அதற்குள் தொட்டியோரம் போய் நின்றாயிற்று.